துபாசிக் கூலி

தரங்கம்பாடிக் கோட்டைக்குள்
மேசைமேல் ஒரு பித்தளைக் கடிகாரம்.
பக்கத்துத் தட்டில் ஆட்டு ஈரல்.
இரண்டையும் கத்திமுனையால் தொட்டு
வைத்தியர் நீல்ஸ் பறங்கி பாஷையில் சொன்னார்:
இரண்டும் ஒன்றே.
அதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.
நாளுக்கு இரண்டு பணம்.

எதிரே, ஈரல் வாடை எட்டாத தூரத்தில்,
பொறையாற்றுக் கணக்கு சிவக்கொழுந்துப் பிள்ளை.

"மிருகத்துக்கு உயிர் இல்லையாம்" என்றேன்.
பிள்ளை சிரித்தார்:
"இல்லாத உயிரை எப்படி எடுத்தாராம்?"

தப்பு என்னுடையது.
ஆத்துமா என்று மாற்றிப் பார்த்தேன்.
இந்த ஊரில் ஆத்துமா
அரசமரத்துக்கும் உண்டு, அட்டைக்கும் உண்டு.
ஆவி என்றால்
சோற்றுப்பானை ஞாபகம் வந்துவிடும்.

வைத்தியர் விடவில்லை.
அவர் தேசத்துப் பக்கம் நூறு வருஷமாய்
இதே சண்டையாம்.
பிரளயத்துக்கு முன் மனிதன்
காய்கனிதான் தின்றான் என்கிறான் ஒருவன்.
வெள்ளம் வடிந்ததும் கர்த்தர்
மாமிசத்தை அனுமதித்தாரே என்கிறான் இன்னொருவன்.
நம் வாயில் இருப்பது புலிப்பல்லா, பசுப்பல்லா
என்று வாய்க்குள் விரல்விட்டுப் பார்க்கிறவனும் உண்டு.
நாயைப் பலகையில் ஆணியடித்து அறுத்தவன் சொன்னானாம்,
அது கத்தல் இல்லை, சக்கரத்தின் கிறீச்சு.

"எந்தப் பிரளயம்?" என்றார் பிள்ளை,
"போன ஐப்பசியில் வந்ததா?"
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவர் முறை. கொல்லாமை, மறுபிறவி, கருமம்.
கருமத்துக்குப் பறங்கியில் சொல் அகப்படாமல்
கடன் என்று வைத்தேன்.
வைத்தியருக்குக் கடன் உடனே புரிந்தது.

தட்டை எடுக்க வந்தான் குசினிச் சந்தியாகு,
விடியலில் ஆட்டுக்காலை அமுக்கிப் பிடித்தவன்.
யாரும் கேட்காமல் பேசினான்:
"சாமி திங்கிற நெல்லு எங்கண்ணன் உழுத நெல்லு.
கொழுவுல மாட்டின நண்டு, நத்தை எத்தனை கலம்,
கணக்குல ஏறியிருக்கா?"
என் பக்கம் திரும்பி,
"துரைகிட்டக் கேளுங்க,
கத்தியக் கண்டதும்
கடியாரம் மூத்திரம் விடுமான்னு."

பிள்ளைக்கு நான் தேவைப்படவில்லை.
முகம் கறுத்துப்போய் வெற்றிலையைத் தேடினார்.
வைத்தியருக்கு மட்டும்
மரியாதை சேர்த்து, மூத்திரத்தை நீக்கிச் சொன்னேன்.
நீக்கியதும் கேள்வியே மிஞ்சவில்லை.
தலையாட்டி எழுதிக்கொண்டார்.

கொல்லையில் கட்டியிருந்த இன்னொரு ஆடு
அப்போது ஒருமுறை கத்தியது.
எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.
என்ன சொல்கிறது என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

கூலியில் அரைப்பணத்துக்கு
வாய்க்கால் மதகில் ஒரு விரால் வாங்கினேன்.
தண்ணீர் விட்டும் வெகுநேரம் தாங்கும் மீன்.
வீடு வரைக்கும் ஓலைப்பைக்குள்
துள்ளிக்கொண்டே வந்தது.
உயிர் என்றேன், மெதுவாக, பாஷை மாற்றாமல்.
வாசலில் அவள் கை நீட்டினாள்.
புளி கரைத்து வைத்திருந்தாள்.