காரணம் என்ற கட்டம்

விபத்து அறிக்கைத் தாளில்
'காரணம்' என்ற கட்டத்துக்கு
இரண்டு விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள்.

தொயாமாவில் பனி கொட்டிய வியாழக்கிழமை அது.
மூன்றாம் எண் பிரஸ். நூற்றைம்பது டன்.
கார் இருக்கைக்குக் கீல்தகடு அடிப்பது.
நிமிடத்துக்கு முப்பத்தொன்று விழுந்த இடத்தில்
இப்போது இருபத்தாறு.
மேலாளர் கிதாமுரா
காணாமல்போன அந்த ஐந்தைக் கேட்டுத்
தினமும் என் மேசைக்கு வருவார்,
சாவியைத் தொலைத்தவர் போல.

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.
இரண்டு, ஹயசகாவின் முழங்காலில்.
அறுபத்தெட்டு வயது. இரண்டு முறை ஓய்வு கொடுத்து
இரண்டு முறையும் திரும்பக் கூப்பிட்டோம்.
ஒன்று, மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறி இறங்கும் நேரத்தில்.
ஒன்று, புதிதாய் வந்த பெண்கள்
எச்சரிக்கைப் பலகையின் எழுத்துகளைப்
படம் பார்ப்பதுபோல் பார்த்து நிற்கும் நிற்பில்.
மிச்சம் ஒன்றை
உடைமாற்றும் அறையில்தான் தேட வேண்டும்:
முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்
பெயர்ச்சீட்டு கிழிந்த பெட்டிகள்,
பூட்டுகூட இல்லாமல்.
அவர்கள் ரயிலேறிப் போய்
வெகுகாலம் ஆயிற்று.

லுவா வந்து எழுபது நாள்.
அவள் காது கூர்மை.
மறுபடி இயங்கப்போகும் பிரஸ் எழுப்பும் கீச்சொலி
கொசு மாதிரி அவளைக் கடிக்கும்.
ஹயசகாவுக்கு அந்தச் சத்தமே இல்லை.
நாற்பது வருடம் இரும்பு தின்ற காதில்
உயர்ந்த ஒலிகள்தான் முதலில் செத்தன.
மருத்துவப் பரிசோதனைச் சீட்டில்
'பேச்சு கேட்கிறது' என்று
ஒவ்வோர் ஆண்டும் குறித்திருக்கிறார்கள்.
பொய்யில்லை. பேச்சு கேட்கும்.

ஒரு தகடு சிக்கியது.
நின்றுவிட்டதென்று நினைத்து
அவர் கையை உள்ளே விட்டார்.
கீச்சொலி வந்தது.
"யுங்!" என்று கத்தினாள் லுவா.
நிறுத்து என்பதற்கு
அவள் ஊரில் அதுதான் சொல்.
எழுபது நாளில் நாங்கள் சொல்லிக்கொடுத்த சொல்
அவசரத்துக்கு நாக்கில் வரவில்லை.
யாரையோ பெயர் சொல்லி அழைக்கிறாள் என்று
ஹயசகா திரும்பினார்.
கை உள்ளேயே இருந்தது.
சிரித்துக்கொண்டே திரும்பினார் என்கிறாள்.
அதை மட்டும் மூன்று முறை சொன்னாள்,
மொழிபெயர்க்கும் செயலி மூன்று முறையும்
வேறு வேறாகச் சொன்னது.

மோதிரவிரலும் சுண்டுவிரலும், முதல் கணு வரை.

'கவனக்குறைவு' என்று எழுதுவது வழக்கம்.
கட்டத்தில் அளவாக உட்காரும் சொல்.
யாருடைய கவனம் என்று
யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

ஆனால் கைபட்டால் பிரஸை நிறுத்தும் ஒளித்திரை
திங்கள் முதலே பழுது.
பாகம் வரும்வரை பார்த்து ஓட்டவும் என்று
ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது.
கிதாமுராவின் முத்திரை அதில்.
பக்கத்தில் சிவப்பாக, சற்றே சாய்ந்து,
என்னுடையது.

எழுதினேன்.
கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து,
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.
முழங்கால், காது, காலிப் பெட்டிகள்,
அட்டை, முத்திரை.
பத்து நாளில் தலைமையகத்திலிருந்து திரும்பி வந்தது:
'கட்டத்துக்குள் எழுதவும்.'

இதற்கிடையில்
மூன்றாம் எண் பிரஸ் அருகே
யாரோ ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கட்டித்
தொங்கவிட்டிருக்கிறார்கள்.
ஆபத்தென்றால் கைப்பிடிக் குழாயில் ஓங்கி ஓர் அடி.
காதுக்கு வேண்டாம், மொழிக்கும் வேண்டாம்,
பூட்ஸ் வழியே காலுக்குள் ஏறுகிறது.
யார் யோசனை என்று கேட்டேன்.
ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

பெயின்ட் உரிகிறது என்கிறார் கிதாமுரா.
இப்போது நிமிடத்துக்கு இருபத்துநாலு.
ஒளித்திரை வந்துவிட்டது, வேலை செய்கிறது.
இருந்தும் ஸ்பேனரை அவிழ்க்க
ஒருவரும் கை வைக்கவில்லை.

நேற்று மதியம்
புதுத்தாளின் அதே கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஓர் அடி விழுந்தது.
என் கோப்பைத் தேநீரில் ஒரு வளையம்.
பேனாவை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.