மண்ணின் மைந்தர்

நெப்ராஸ்காவிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு தபால்.
ஏற்காடு தாலுகா அலுவலகத்துக்கு வெளிநாட்டு ஸ்டாம்பு
எப்போதோ ஒன்று வந்தால் உண்டு.
பியூன் குழந்தைசாமி ஈரத்துணியோடு நின்றார்,
உரித்தெடுக்க.

முதல் வக்கீல் கேட்கிறார்:
ஐம்பத்திரண்டாம் வருடம் ஆகஸ்டில்
ஹென்ஷா என்கிற காப்பித்தோட்ட மேனேஜருக்கு
உங்கள் மலையில் ஆண்பிள்ளை பிறந்தது,
சான்று வேண்டும்.
இரண்டாம் வக்கீல் கேட்கிறார்:
அப்படி யாரும் பிறக்கவில்லை,
சான்று வேண்டும்.
இருவரும் வைத்திருந்தது டாலர் காசோலை.
சார்நிலைக் கருவூலம் அதைக் கையால் தொடாது.

கூடவே வழவழவென்று ஒரு துண்டறிக்கை.
மக்காச்சோளக் கதிர்களுக்கு நடுவே நரைத்த தலை.
சட்டைக் கையைச் சுருட்டியிருக்கிறார்,
நம்மவர்கள் கும்பிடுகிற மாதிரி அவர்களுக்கு அது.
கவர்னருக்கு நிற்கிறார்.
அங்கே கவர்னருக்கு ஓட்டுப் போடுவார்களாம்.
தாசில்தார் இதை இரண்டு முறை கேட்டார்.
பள்ளிக்குழு உறுப்பினர், எட்டு ஓட்டில் ஜெயித்தது.
மாவட்டப் பொருளாளர், பதினோரு வருடம்.
மாநில செனட்டர், இருமுறை.
வாஷிங்டனுக்கு நின்று தோற்றது
ஒரே வரி, பொடி எழுத்தில்.
மனைவி இறந்ததும் அந்த வருடம்தான்,
அது அடுத்த பக்கத்தில், தனியாக.
எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில்:
சோளக்காட்டு வீட்டில் பிறந்தவன். உங்கள் மண்.

பதிவறையில் பாச்சை உருண்டை வாசனையும் பனி ஈரமும்.
இந்த ஊரில் பழைய பதிவேடுகள்
நனைந்த பன் மாதிரி உப்பிக் கிடக்கும்.
ஆகஸ்ட் பத்தொன்பது. ஆண்.
தகப்பன் ஹென்ஷா, தாய் எடித்.
பெயர்க் கட்டம் காலி.
தகவல் தந்தவர்: மருத்துவச்சி சடச்சி, செம்மடுவு.
ஊதா மையில் ஒரு கட்டைவிரல்.
சேலத்திலிருந்து மேலே வரும் சாலை மாதிரி,
வளைந்து வளைந்து
நடுவில் போய் நிற்கிறது.

அடுத்த வரியும் அதே தேதி. நாகலூர். ஆண்.
அதிலும் பெயர் இல்லை.
அவன் எதற்கு நின்றான், யாரிடம் தோற்றான்,
வக்கீல் வைத்துக் கேட்க ஆளில்லை.

என் அப்பாவும் நின்றார்.
அம்மாப்பேட்டையில், கவுன்சிலருக்கு, பூட்டுச் சின்னம்.
நாற்பத்தொரு ஓட்டு.
சொந்தக்காரர்களே ஐம்பத்தாறு பேர் அந்தத் தெருவில்.
நோட்டீஸில் பட்டதாரி என்று போட்டுக்கொண்டார்.
பி.யூ.சி.யே பாஸ் இல்லை.
அம்மா அதை முழுக்கப் படித்தாள்,
மடித்து வைத்தாள்,
பசை காய்ச்சப் போனாள்.

"விதி என்னவோ அதை எழுதும்மா" என்றார் தாசில்தார்.
எழுதினேன்.
சம்பந்தப்பட்டவரோ இரத்த உறவினரோ விண்ணப்பிக்க வேண்டும்.
தேடுதல் கட்டணம் இந்திய ரூபாயில்.
காசோலை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.
இரண்டு உறைக்கும் இதே மூன்று வரி.
அஞ்சலில் சேர்த்துவிட்டு டீ குடிக்கும்போதுதான்
வயிற்றில் என்னவோ செய்தது:
காசோலைகளை மாற்றிப் போட்டுவிட்டேனோ?
அவன் செக்கு இவனுக்கு, இவன் செக்கு அவனுக்கு.
யார் யார் எழுதினார்கள் என்று
இந்நேரம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.
நவம்பரில் யார் ஜெயித்தார்கள் என்று
போனில் தேடப் போய், பாதியில் வைத்துவிட்டேன்.

பதிவேட்டைக் கட்டி வைக்குமுன் பென்சில் சீவினேன்.
காலிக் கட்டம் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று.
சீவின தூளை ஊதிவிட்டு மூடினேன்.

சாயங்காலம் ஒண்டிக்கடையில் ஜீப், ஒலிபெருக்கி.
மண்ணின் மைந்தர், உங்கள் வீட்டுப் பிள்ளை.
அஸ்தம்பட்டியில் வீடு,
இங்கே இரண்டு ரிசார்ட் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.
வேட்பாளரே இறங்கி வந்து
கையில் நோட்டீஸ் திணித்தார். உள்ளங்கை சூடாக இருந்தது.
பஸ் கிளம்பும்வரை
இரண்டு பக்கமும் படித்தேன்.
பிறந்த ஊர் போடவில்லை.