வாயைத் திறந்து வை

கொருக்குப்பேட்டை யார்டில்
சரக்குப் பெட்டிகள் மோதிக் கோத்துக்கொள்ளும் சத்தத்துக்கு
எங்கள் தெருவில் யாரும் தலைதூக்கியதில்லை.
தொண்ணூற்றாறில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குக்
குடிவந்த கஜீபன்தான்
கோலியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தான்.

"இன்னாடா, வலிப்பா?" என்றான் எத்திராஜ்.
மும்தாஜ் சாவிக்கொத்து எடுக்க ஓடினாள்.
அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.
பதினேழு வந்ததும் எழுந்து
கால்சட்டையைத் தட்டிவிட்டு
"இது எங்களுக்கில்லை" என்றான்.
யாருக்கு?
"வேற ஆருக்கோ."

எங்களுக்கு அது பிடித்துப்போனது.
ஐஸ்பாய், பம்பரம் எல்லாம் பழசாகிவிட
அந்தக் கோடை முழுக்க ஒரே ஆட்டம்.
சட்டமெல்லாம் அவன் சொன்னதுதான்:
சத்தம் கேட்டதும் படு.
முழங்கையை ஊன்று, நெஞ்சு நிலத்தில முட்டக் கூடாது.
காதைப் பொத்து.
வாயை ஆவெண்டு திறந்து வை,
இல்லாட்டிச் செவிப்பறை கிழிஞ்சுபோம்.

சிரித்தால் அவுட்.
பதினேழுக்கு முன்னால் எழுந்தால் அவுட்.

அவுட் ஆனால் இன்னா பண்ணணும் என்று கேட்டாள் மும்தாஜ்.
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
"அவன்ரை பேரை
இனிக் கூப்பிடக் கூடாது."

முதல் அவுட் ஸ்டீபன்.
விளக்கு வைக்கும்வரை அவன் பேரை
யாரும் கூப்பிடவில்லை.
காசு போட்டுக் கமர்கட் வாங்கி வந்து நீட்டினான்,
அப்போதும் கூப்பிடவில்லை.
அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான்.

தண்ணி லாரி வந்த ஒரு வெள்ளிக்கிழமை.
எண்ணூர் போகும் டேங்கர் வண்டி இழுபட்டு
தடால் தடாலென்று
பெட்டிக்குப் பெட்டி தாவி வந்தது அதிர்வு.
பதினோரு பேரும் படுத்தோம்
ரோட்டோரம் வரிசையாக,
கண் மூடி, வாய் பிளந்து.
உதட்டில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை,
அவ்வளவு நன்றாக ஆடப் பழகியிருந்தோம்.

குடத்தோடு திரும்பி வந்தாள் அவன் அம்மா.

பச்சைக் குடம் உருண்டு போனது.
தண்ணீர் என் முழங்கைவரை வந்தது.
"எழும்புங்கோ" என்றாள். கத்தவில்லை.
கடைக்காரரை எழுப்புவது மாதிரிதான் சொன்னாள்.
பிறகு மண்டிபோட்டு
ஒவ்வொரு மூக்கடியிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.
எத்திராஜ். மும்தாஜ்.
கடைசியில் படுத்திருந்தான் கஜீபன்,
அந்தப் பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

என்னிடம் வந்தது விரல்.
மண்ணெண்ணெய் வாசம், நடுக்கம்.
சிரிப்பு வந்துவிடுமென்று
மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பதினாலுதான் ஆகியிருந்தது.
எழுந்தால்
என் பேர் போய்விடும்.