கொட்டாவி

ஐந்தாம் வாரம். ஔலு மருத்துவமனை. மாலை வானிலை அறிக்கை.
தீவுப் பக்கம் மைனஸ் பதினாறு என்றாள் தொலைக்காட்சியில் ஒருத்தி.
எனக்குக் கொட்டாவி வந்தது.
வாய் திறக்கத் திறக்க
மடியில் ஈரத்துணியாய்க் கிடந்த வலக்கை
தானே எழுந்து
நெஞ்சு உயரத்தில் சற்று நின்று
வாய் மூடியதும் இறங்கிவிட்டது.

யாரோ அறைக்குள் வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனது போலிருந்தது.

மறுபடி செய்துகாட்ட முடியவில்லை.
செவிலியர் இருவர் பார்த்து நிற்க
வாயைப் பிளந்து பிளந்து நடித்தேன்.
பொய்க் கொட்டாவிக்கு அது மசியவில்லை.

என் கைக்குப் பயிற்சி தருகிற சனெல்மா
சிரிக்கவில்லை.
"நீங்கள் சொல்லி அது எழவில்லை.
உங்கள் உத்தரவு போகும் பாதை அறுந்திருக்கிறது.
இது அதற்கும் கீழே, மிகப் பழைய பாதை.
மூச்சும் கொட்டாவியும் போய்வருவது.
கை ஊரைவிட்டுப் போகவில்லை,
அதுமட்டும் தெரிந்துவிட்டது."
பிறகு எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னாள்:
போகப் போகத் தடம் விழும்.

எனக்குக் கோபம்.
இருபத்தாறு குளிர்காலம்
ஹைலுவோதோ தீவுக்குப் போகும் கடலின் மேல் நின்று
துளையிட்டுத் துளையிட்டுக் கனம் பார்த்தவன் நான்.
ஆள் போய் விழுந்த தடமில்லை அந்தச் சாலை.
அவசரமாய்ப் போனவனை விழுங்கியிருக்கிறது.
குளிர்தான் அதைப் போடுகிறது.
நாங்கள் அளப்போம்,
நோட்டில் எழுதுவோம்,
மறுபடி அளப்போம்.

"வேறு வேலையே இல்லையா?" என்றாள்.

இருக்கிறது.
மேலே விழும் வெண்பனியை வழித்துத் தள்ள வேண்டும்.
பார்க்கத்தான் அது குளிர். உண்மையில் கம்பளி.
போர்த்திக்கொண்ட கடல் தடிக்காது.
வழித்துவிட்டு, வெறும் முதுகைக் காற்றுக்குக் காட்டினால்
ராத்திரிக்கு ஒரு சென்டிமீட்டர்,
நல்ல ராத்திரியென்றால் ஒன்றரை...

சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினேன்.
என் இடக்கை
காப்பிக் கோப்பையை எடுத்து, மூடியைத் திருகி,
போர்வையைச் சரிசெய்து,
செத்த கையையும் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு
சத்தமில்லாமல் அமர்ந்திருந்தது.

நல்ல கை. ரொம்ப நல்ல கை.

மறுநாள் அதைத் தடித்த உறைக்குள் போட்டு
மணிக்கட்டில் கட்டினாள்.
நாளைக்கு ஆறு மணி நேரம்.

உலர்ந்த பட்டாணி, இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு.
சட்டையெல்லாம் சூப்.
ஒரு கதவுப் பிடியின் முன் நின்று அழுதேன்;
அந்தப் பக்கம் கழிப்பறை.
விரலை விரி என்றால் முழங்கை மடங்கும்.
மூளையில் கருகிய இடத்துக்குப் பக்கத்து வீட்டார்
தம் வேலையோடு இதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களாம்,
தபால் இன்னும் வீடு மாறித்தான் போகிறதாம்.

முதல் நாள் பட்டாணி: பூஜ்யம்.
ஒன்பதாம் நாள்: பூஜ்யம்.
ஆனால் ஒன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு
பாதி தூரம் வந்து விழுந்தது.
அரை என்று எழுது என்றேன்.
எழுதினாள்.
அவளும் அளக்கிறவள்தான்.

பிப்ரவரிக் கடைசியில் உர்ஹோ என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனான்.
துளைக்கருவியைத் தரவில்லை. நான் கேட்கவுமில்லை.
அளவுகோலை மட்டும் நீட்டினான்.
துளைக்குள் இறக்கி,
கொக்கியைப் பனிக்கட்டியின் அடிவிளிம்பில் மாட்டி,
இழுத்துப் பிடித்துப் படிக்க வேண்டும்.
மூன்று விரல் போதும்.
இரண்டு முறை நழுவியது.
மூன்றாம் முறை
கீழே, கறுத்த நீருக்குள், கொக்கி தட்டுவது
விரல்நுனிக்குக் கேட்டது.
"நாற்பத்து நாலு!" என்று கத்தினேன்.
நோட்டில் குறித்துவிட்டு, "கை எவ்வளவு?" என்றான்.
"கார் போகாது. ஆள் நடக்கலாம்."

அடுத்த குறிக்கு அவன் போய்விட்டான்.
நூறு மீட்டர் தள்ளி
ஒரு கறுப்புப் புள்ளி.
காற்று முகத்தில் அடிக்க, விடிகாலை எழுந்த அசதியில்
கொட்டாவி வந்தது எனக்கு.
கை எழுந்தது, நெஞ்சுக்கும் மேலே.

அவன் அதைப் பார்த்துவிட்டு
தன் கையைத் தூக்கி
நெடுநேரம் ஆட்டினான்.

நான் திருத்தவில்லை.