காலி வண்டி

மூன்று நாள் வாடகையை முன்பணமாகத் தந்துவிட்டு
வண்டியில் ஏற மறுத்துவிட்டார் கிமிகோ அம்மா.
ஒன்பது நகரக் கோயிலும் நடைதான்.
நான் பின்னால் வரவேண்டும்
தண்ணீர்க் கேனோடு, முதல் கியரில்.

காலையில் கிளம்புமுன் பின்கதவைத் திறப்பார்.
கொஞ்சம் நிற்பார்.
சாத்திவிட்டு நடப்பார்.

மாத்தூர் விலக்கில் முந்திப்போன பேருந்து
ஜன்னல் ஜன்னலாகத் திரும்பிப் பார்த்தது.
வெள்ளைச் சட்டை, கூம்புத் தொப்பி,
கைத்தடியில் ஒரு மணி.
சேமியா ஐஸ் என்று ஓடிவந்த இரண்டு பிள்ளைகள்
ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல்
கண்மாய்க்கரை வரை கூடவே நடந்தார்கள்.

அவர் நாட்டில் ஒரு தீவைச் சுற்றி
எண்பத்தெட்டுக் கோயிலாம்.
ஒவ்வொன்றிலும் ஏட்டில் முத்திரை வாங்கவேண்டுமாம்.
இலுப்பைக்குடிச் சீட்டுக் கவுண்டர்க்காரர்
ரொம்ப யோசித்து
அர்ச்சனைச் சீட்டுக்குக் குத்தும் ரப்பர் ஸ்டாம்பை
வாயால் ஊதி, மையில் அழுத்தி,
அந்த மடிப்புத் தாளில் குத்தினார்.
கீழே தேதி போட்டார்.
ஐந்து ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

ஏட்டைப் புரட்டினேன். எண்பத்தேழு சிவப்புகள்.
கடைசிப் பக்கம் வெள்ளை.
ஏன் என்று கேட்டதற்கு
அவர் பேசிய நீளமான பேச்சைக் கேட்டுவிட்டு
போன் தமிழில் சொன்னது:
'கணவர் மலை மழை போதும்.'

வைரவன்பட்டியில் ஒரு நாய் சேர்ந்துகொண்டது.
வைரவருக்கு வாகனம் நாய்.
நாய்க்கு இந்த அம்மாவின் நிழல்.
கருவேல மரம் நிழல் தருவதாகப் பேர்,
தருவதில்லை.

டீக்கடைக்காரர் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்.
'ஏசி ஓடுது. உள்ள ஆளில்லையேப்பா. யாருக்கு?'
'காலி வண்டிதான்ணே' என்றேன்.

அன்றிரவு லாட்ஜில் காய்ந்துகொண்டிருந்த தொப்பியைப்
போனில் படம்பிடித்தேன்.
சுற்றிலும் எழுதியிருந்த கறுப்பு எழுத்துகளில்
ஒரே ஒரு வரிதான் தமிழாகி வந்தது.
'இருவராகச் செல்கிறோம்.'
சாமியைச் சொல்வதாக இருக்கும்.
இருக்கலாம்.

மறுநாள் பின்கதவை நான் திறந்தேன்.
அவர் நிற்கும் நேரம்வரை நின்றேன்.
நேமத்துக்கு முன்னால் வேகத்தடை,
பதினெட்டு வருஷப் பழக்கத்தில்
காலி வண்டியென்றால் தூக்கிப் போட்டுத் தாண்டுவேன்.
பிரேக்கை மெதுவாக மிதித்தேன்,
முன் சக்கரம், அப்புறம் பின் சக்கரம்,
தூங்குகிற ஆளை எழுப்பாத மாதிரி.

இளையாத்தங்குடியில் செருப்பைக் கழற்றி
கொதிக்கிற கல்லில் தத்தித் தத்தி
உள்ளே போனார்.
டீசல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.
எஞ்சினை அணைக்கவில்லை.
நல்ல வெயில்.