தொண்ணூற்றொன்பதோடு நிற்பவர்கள்

நாளை உங்களுக்குப் பட்டம் தருகிறார்கள்.
போன வருடம் எனக்கும் தந்தார்கள்.
இங்கே ஹா ராசெட்லாவில் காற்று அதிகம்,
எந்தப் பட்டத்தையும் கையில் பிடித்து நிற்க முடியாது.
என்னுடையது தகரப் பெட்டியில்,
சேணத்துக்கு அடியில் கிடக்கிறது.

விழாவுக்கு வர ஆசைதான். குதிரைக்குக் கால் சரியில்லை.
இந்தக் காகிதம் மட்டும் கம்பளி ஏற்றும் லாரியில்
சென்கு ஆற்றைக் கடந்து வருகிறது.
வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.
வந்த மூன்றாம் நாள் ஓர் அடக்க ஆராதனை.
ட்செலிசோவை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும்.
நான் ஒப்புக்கொடுத்தது அவர் தம்பி மொஹாப்பியை.
குழியின் அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்தது:
"போதகரம்மா, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்."
விதவை மமோசா சிரித்துவிட்டாள்.
அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்,
அந்தச் சிரிப்பு உடைந்த இடத்தில்தான் அழத் தொடங்கினாள்.
கிரேக்கத்தில் நான் வாங்கிய மதிப்பெண்
அன்று யாருக்கும் உதவவில்லை.
என் தவறு உதவியது.

பதினான்கு பக்கப் பிரசங்கத்துக்கு
நான்கு பேர் வந்தார்கள், ஒரு நாயும்.
நாய் கடைசிவரை இருந்தது.

மொட்லாட்சிக்கு வயது பதிமூன்று.
அவன் அப்பா எல்லைக்கு அப்பால், சுரங்கத்துக்குள்.
ஊர் ஆடுகள் அவன் பொறுப்பு.
ஊரார் என்னை மேய்ப்பர் என்று அழைக்கும்போதெல்லாம்
அவன் என் காலணியைப் பார்ப்பான்.

ஜூலையில், பனி இறங்கிய இரவில் கதவைத் தட்டினான்.
ஜெபத்துக்காக அல்ல. டார்ச் வேண்டுமாம்.
ஓர் ஆடு குறைகிறது.
வாசலிலேயே நின்று கேட்டான்:
"ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்களே, ஒன்றைத் தேடிப் போனார் என்று.
மீதித் தொண்ணூற்றொன்பதை யாரிடம் விட்டுப் போனார்?"

மூன்று விளக்கவுரைகள் நினைவுக்கு வந்தன.
ஒன்றிலும் பனி பெய்யவில்லை.

அவன் காத்திருக்கவில்லை. தன் கோலை என் கையில் திணித்தான்.
"பட்டி வாசலில் நில்லுங்கள்.
நரி வந்தால் கத்துங்கள்.
பாட்டு மட்டும் வேண்டாம், மிரளும்."
மலையேறிப் போய்விட்டான்.

லினேயோ, உனக்குத் தெரியும், எனக்கு இருட்டென்றால் பயம்.
விடுதியில் உன்னை எத்தனை முறை எழுப்பியிருக்கிறேன்!
அன்று எழுப்ப ஆளில்லை.
எண்ணினேன். நாற்பதில் தவறியது. மறுபடி எண்ணினேன்.
போர்வை நனைந்து கனத்தது.
ஒரு கிழட்டு ஆடு வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றது.
யார் யாருக்குச் சூடு தந்தோம் என்று தெரியாது.
சரிவில், மிகத் தூரத்தில்,
ஒரு சிறு வெளிச்சம் நடந்துகொண்டே இருந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
அந்த இரவைப் பற்றி அறிக்கை கேட்டால்
இரண்டு வரிகூடத் தேறாது.

விடியலில் வெறுங்கையோடு வந்தான்.
சோளக் கூழை நின்றபடியே குடித்தான்.
பட்டிக்குள் போய் மூன்று தடவை எண்ணினான்.
"அறுபத்துமூன்று. சரியாக இருக்கிறது, மொருட்டி" என்றான்.
மறுபடி தேடப் போனான்.

ஆடு நான்காம் நாள் கிடைத்தது.
அது வேறு கதை, அதில் நான் இல்லை.

நண்பர்களே,
தேடிப் போகிறவர்கள் நாம்தான் என்று
நான் அங்கிக்கு அளவு கொடுத்த நாளில் நினைத்தேன்.
தேடிப் போகிறவர் நமக்கு முன்பே போய்விட்டார்.
நமக்குத் தந்தது ஒரு கோல், ஒரு வாசல்,
நம்மேல் சாய வரும் ஏதோ ஓர் உயிர்.
பயமாக இருக்கும். பயந்தபடியே நில்லுங்கள்.
எண்ணிக்கை தவறும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டு வாருங்கள்.
இறந்தவர் பெயரை முந்தின இரவே எழுதி வையுங்கள்,
உயிரோடிருக்கும் தம்பியின் பெயரையும் பக்கத்தில்.

சீக்கிரம் வாருங்கள்.
பட்டிக்குள் நெரிசல்.
வாசலில்தான் ஆள் போதவில்லை.