பதினொரு செக்கன்

பட்டம் வாங்கிய கிழமை
தொழில் வழிகாட்டி அறையில் ஒரு பச்சைத் தாள் தந்தார்கள்.
உளவியல் படித்தவர் என்னென்ன ஆகலாம்:
இருபத்திமூன்று வரிகள்.
எட்டுக்கு இன்னொரு பட்டம் வேண்டும்,
ஆறுக்குச் சம்பளமில்லாத ஒரு வருசம்,
ஒன்றுக்குப் பிரெஞ்சு.
மிச்சத்தை எண்ணவில்லை;
எல்ஸ்மியர் பஸ் வந்துவிட்டது.

பெரியம்மா கேட்டா:
"அப்ப, என்ர மனசில இப்ப என்ன இருக்கெண்டு சொல்லுவியோ?"
சொல்லியிருக்கலாம்.
தன் மகள் பல்வைத்தியம் படிப்பது இருந்தது.
மட்டன் ரோல் நல்லாயிருக்கு என்றேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை: கார் வேண்டுமாம்.
மனிதவளப் பிரிவு: அனுபவம் வேண்டுமாம்.
கடைசியில் கிடைத்தது மார்க்கத்தில்.
மார்க்கம் என்பது இங்கே
ஓர் ஊரின் பெயர் மட்டும்.

கடன் அறவிடும் நிலையம், மூன்றாம் மாடி.
திரையின் மூலையில் சின்ன மணிக்கூடு,
நாலு நிமிசம் வரை பச்சை,
பிறகு மஞ்சள், ஆறில் சிவப்பு.
சிவந்தால் டெஸ்மண்ட் எழும்பி நிற்பான்.
ஒன்றும் சொல்ல மாட்டான், நிற்பான்.
மணியையும் நாயையும் பற்றி
முதலாம் வருசமே படித்தவள் நான்.
இதில் நான் எது என்று தெரியும்.

பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
டிம்மின்ஸில் ஒருவர், லாரோஷ்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு டொலர்.
எழுதிக் கொடுத்ததை வாசித்தேன்:
இந்த அழைப்பு பதிவாகிறது,
எப்போது செலுத்த உத்தேசம்.
அது அவளுடைய கார்டு, என்றார்.
கடைசியாய் அதில் வாங்கியது பனிச் சப்பாத்து.
பெட்டி இன்னும் திறக்கவில்லை.

அடுத்த வரி
"எனக்கு விளங்குது, ஆனால்" என்று தொடங்கும்.
வாசிக்கவில்லை.
மூன்றாம் வருசம், புதன் மாலை வகுப்பு,
ஆளுக்கு முன் ஆளாய்க் கதிரையில் இருத்தி
பேசாமலிருக்கப் பழக்கினார்கள்.
முதல் மூன்று செக்கன் மரியாதை.
ஆறில், கையை எங்கே வைப்பதென்று தெரியாது.
எட்டில் சிரிப்பு வரும்.
அதையும் தாண்டினால்
எதிரில் இருப்பவர் தொடங்குவார்.

பதினொரு செக்கன்.
அவர் வீட்டில் ஒரு கேத்தில் கூவி ஓய்ந்தது.
பிறகு பேசினார்.
சப்பாத்தின் நிறம்.
தடித்த காலுறைக்காக
அவள் எப்போதும் அரை அளவு கூட வாங்குவது.
மணிக்கூடு சிவந்தது,
டெஸ்மண்ட் எழும்பினான், நின்றான், களைத்து இருந்துவிட்டான்.
பத்தொன்பதாவது நிமிசம்
லாரோஷ் தானாகச் சொன்னார்:
மாதம் நூறு கட்டுகிறேன், பிள்ளை.
பிள்ளை என்று சொல்லியிருக்க மாட்டார்.
எனக்கு அப்படித்தான் கேட்டது.

அந்தக் கார்டில் அவர் கையெழுத்து இல்லை.
கையெழுத்து வைக்காதவர் கட்டத் தேவையில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அவர் கேட்கவில்லை.
எனக்கும் பதினொரு செக்கன் இருந்தது.

மாத முடிவில் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.
கண்ணாடி அறை, டோனட் பெட்டி,
என் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.
இந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய்?
ஒன்றும் செய்யவில்லை என்றேன்.
அதைத்தான் மற்றவர்களுக்கும் படிப்பி என்றார்கள்.
மணிக்கு நாலு டொலர் கூட.
பதவி: பயிற்சியாளர்.
பச்சைத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்,
பதினேழாவது வரி.

திங்கட்கிழமை எட்டுப் புதியவர்கள்,
அதில் இரண்டு பேர் உளவியல்.
முன்வரிசைப் பொடியன் பேனை திறந்து கேட்டான்:
எவ்வளவு நேரம் பேசாமலிருக்க வேணும், மிஸ்?

எனக்கு லாரோஷின் கேத்தில் கேட்டது.
பதில் தேடி நின்றேன்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
குறித்துக்கொண்டான்.